இருபத்தேழு பலகை, இருபத்தாறு சுற்று

"நில்லுய்யா! கையை எடு! என்ன காரியம் பண்றே?"

தோசைத் திருப்பியின் நுனியைப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அப்போதுதான் செருகியிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பஜனை மடத்து வாசலில் செயலாளர் தெய்வநாயகம் நின்றார். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை, நெற்றியில் காய்ந்த சந்தனம். ஓர் அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். வெயிலில் ஓடி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது.

"பலகையைக் கழட்டச் சொன்னீங்க, கழட்டுறேன்" என்றேன்.

"கழட்டச் சொன்னேன். இடமாச் சுத்திக் கழட்டச் சொன்னேனா? இந்தப் பக்கம் ஆரம்பிச்சா எப்படிப் போவே? இடமாத்தானே போவே? மடத்துக்குள்ள எவனாவது இடமாச் சுத்துவானா? அது எழவு வீட்டு வழக்கம்யா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் அவர் பேசியது சாஸ்திரமே இல்லை. அது எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துச் சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்பிய காலம் அது. அப்போது எனக்கு நாற்பது வயது இருக்கலாம். செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்கு மர வேலை செய்பவன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, ரயிலேறி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடத்து வேலையில் இறங்கியிருந்தேன்.

சுவரைச் சுற்றி ஓடிய பெயர்கள்

என்ன பலகை என்று சொல்லிவிடுகிறேன். துரைமார் பங்களாக்களில் பார்த்திருப்பீர்கள். நாற்காலியின் முதுகு சுவரைச் சுரண்டாமல் இருக்க, இடுப்பு உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு மரப்பட்டி அடித்திருப்பார்கள். எங்கள் மடத்தில் நாற்காலியே கிடையாது. எல்லாரும் பாயில்தான் உட்காருவோம். இருந்தாலும் பட்டி வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம், பெயர் வெட்ட இடம் வேண்டுமே!

நம் சனங்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். கோயிலுக்கு ஒரு பித்தளைத் தம்ளர் கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று போட்டு, தகப்பன் பெயர் முதற்கொண்டு பொறித்துத்தான் கொடுப்பார்கள். மடம் கட்டியபோது ஆளுக்கு ஒன்று கொடுத்தவர்கள் இருபத்தேழு பேர். தூண் கொடுத்தவர், ஓடு கொடுத்தவர், உடம்பால் உழைத்தவர். எல்லார் பெயரையும் எங்கே போடுவது? பட்டியில் போடு என்றார் அப்போதைய தலைவர். அவர் நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரவாங் பக்கத்து ஆலையில் அறுத்த மெரந்தி மரம். ஐந்தடிப் பலகை இருபத்தேழு. பலகைக்கு ஒரு பெயராக நான்தான் உளியால் வெட்டினேன். அப்போது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. எழுத்துகள் கொஞ்சம் கோணல்தான். எந்த வரிசையில் அடிப்பது என்று தலைவரிடம் கேட்டேன். "யார் முதல்ல குடுத்தானோ அவன் பேரு முதல்ல. இதுல என்னப்பா யோசனை?" என்றார்.

முதலில் கொடுத்தவர் ஆறுமுகம். ஊரின் சாக்கடை வழித்து, வீடுகளில் மலவாளி எடுத்தவர். பிரிக்பீல்ட்ஸில் அந்த நாளில் செங்கல் சூளைகள் இருந்தன. சூளைக்காரர்கள் ஒதுக்கித் தள்ளிய கோணல் கற்களைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, தலைச்சுமையாகச் சுமந்து வந்து இறக்கினார். மடம் அப்போது வெறும் தகரக் கொட்டகை. சுவர் கட்டலாம் என்ற எண்ணமே அந்தக் கற்குவியலைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு வந்தது.

அதனால் சாமி அறைக் கதவுக்கு வலப்பக்கம், முதல் பலகையில், 'ஆறுமுகம் உபயம்' என்று வெட்டினேன். அங்கிருந்து வலமாகச் சுவரைச் சுற்றி வந்து, கதவின் இடப்பக்கம் இருபத்தேழாவது பலகையில் முடித்தேன். சாமிக்குரிய இடத்தில் வலமாகத்தானே அடிக்க வேண்டும்? அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தகரக் கொட்டகையாக இருந்தவரை ஆறுமுகமும் அவர் மனைவி காளியம்மாவும் எங்களோடு பாயில் உட்கார்ந்து பாடினார்கள். சுவர் எழும்பி, ஓடு போட்டு, கிராணிமார்களும் கடைக்காரர்களும் வரத் தொடங்கியதும், அவர்கள் இருவரும் முதலில் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். பிறகு வெளியே சன்னல் அடிக்குப் போனார்கள். யாரும் வாய் திறந்து போ என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் உட்பட யாரும் இரு என்றும் சொல்லவில்லை. ஆறுமுகம் காய்ச்சலில் போன பிறகு காளியம்மா தனியாக வந்து அதே சன்னல் அடியில் உட்காருவார். சுண்டல் அங்கேயே வாழையிலைத் துண்டில் போகும்.

அவர் கணவர் சுமந்த கற்கள் சுவருக்குள் இருக்கின்றன, அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

உடைக்காமல் எடுக்கும் வழி

அடிச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர ஆரம்பித்தது. கிள்ளானில் கப்பல் சரக்கு வியாபாரம் செய்யும் ஒரு செட்டியார் புதுக் காரை பூசித்தர முன்வந்தார். பட்டியைக் கழற்றி வைத்தால்தான் பூச முடியும். பூசி உலர்ந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

சுவரில் அடித்த மரத்தை எடுப்பதைப் பலர் கடப்பாரை வேலை என்று நினைக்கிறார்கள். அப்படி நினைத்த ஒருவன் ஒரு பங்களாவில் பட்டியின் நுனியில் கடப்பாரையைப் போட்டு நெம்பியதை என் கண்ணால் பார்த்தேன். பலகை நடுவில் முறிந்தது. கூடவே இரண்டு கை அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து விழுந்தது. துரை திட்டியதில் தப்பே இல்லை என்பேன்.

முதலில் கூர்மையான சின்னக் கத்தியால் பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சுண்ணாம்பைக் கீறிவிட வேண்டும். வருடா வருடம் அடித்த வெள்ளை இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும். கீறாமல் இழுத்தால் தோலோடு வரும். அடுத்தது ஆணியைக் கண்டுபிடிப்பது. தலை தெரியாமல் மரத்தூளும் மெழுகும் குழைத்து அடைத்திருப்போம். விரலால் தட்டிக்கொண்டே போனால் ஆணி இருக்கும் இடத்தில் சத்தம் மாறும்.

பிறகு மெல்லிய தகடு ஒன்றை உள்ளே செருக வேண்டும். அதற்குத் தோசைத் திருப்பியைவிட நல்ல கருவி பட்டறையிலும் கிடையாது. என் மனைவி செல்லம்மாவிடம் கேட்டால் கொடுக்க மாட்டாள் என்று கேட்காமலே எடுத்துப் போனேன். அதற்கு வீட்டில் தனிக் கச்சேரி நடந்தது, அதை விடுங்கள்.

திருப்பி உள்ளே போய் இடம் உண்டானதும் அகல உளி. உளிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உளியின் முதுகு காரையைக் குத்தி நொறுக்கிவிடும். ஓர் ஆணியருகில் நெல் கனத்துக்குத் தூக்கு. அடுத்த ஆணிக்குப் போ, அங்கேயும் நெல் கனம். திரும்ப முதல் ஆணிக்கு வா. அவசரப்படுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

பலகை வந்த பிறகும் பின்பக்கம் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுத்தியலால் தட்டி முன்பக்கமாக அனுப்பாதீர்கள், முகம் சிதறும். குறடால் பிடித்துப் பின்பக்கமாகவே உருவிவிடுங்கள். கடைசியாக, பலகையின் முதுகில் பென்சிலால் எண் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. எது கடைசியில் அடிக்கப்பட்டதோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நான் ஒவ்வொரு பலகையின் வாலையும் சாய்வாகச் சீவி, அடுத்த பலகையின் தலையை அதன்மேல் ஏற்றி ஆணி அடித்திருந்தேன். அப்படி அடித்தால் மழைக்காலத்தில் மரம் ஊறினாலும் இணைப்பு வாய் பிளக்காது. முதல் பலகையின் வால்மேல் இரண்டாவது உட்கார்ந்திருக்கும், இரண்டாவதன்மேல் மூன்றாவது. இருபத்தேழாவதன்மேல் எதுவும் இல்லை. ஆகவே அதில்தான் தொடங்க வேண்டும். தொடங்கினால் வேலை இடமாகத்தான் போகும். வேறு வழி கிடையாது.

"தெரியும்"

இத்தனையையும் தெய்வநாயகத்துக்குப் பொறுமையாகச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். வலமாவே ஆரம்பி. முதல் பலகையை முதல்ல எடு."

"எடுத்தா அது உடையும்யா. ரெண்டாவது அதும்மேல ஏறி நிக்குது. வால் பொளந்துரும், ஆறுமுகம்ங்கிற எழுத்தோட சேர்ந்து பொளந்துரும்."

"ஒரு பலகைதானே? உடைஞ்சா உடையட்டும். மத்தது நல்லா வந்தாப் போதும்."

"எந்தப் பலகைன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. குரல் உயரவில்லை. என் கண்ணைப் பார்த்தார், பிறகு குடையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரை பூசித்தரும் செட்டியார் வந்து சாமி கும்பிட நிற்கும்போது, சாமியின் காதருகே முதல் பெயராக மலவாளி எடுத்தவர் பெயர் இருக்கக் கூடாது. அதை வெளிப்படையாகச் சொல்ல மனிதருக்குக் கூச்சம். என் உளி தவறி உடைந்ததாக இருக்கட்டும், பழி ஆசாரிமேல் விழட்டும் என்று பார்த்தார். அதற்கு வலம், இடம், எழவு வீடு என்று சாமியைத் துணைக்கு இழுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெயரைப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட நேராகச் சண்டை போட்டிருப்பேன். என் கையாலேயே உடைக்க வைக்கப் பார்த்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் வெட்டிய எழுத்து அது.

ஆசாரிக்கு என்ன வேண்டுதல்?

"சரிங்கய்யா. இடமா ஒரு அடிகூட வைக்க மாட்டேன், போதுமா?" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

இருபத்தேழாவது பலகையை நின்ற இடத்தில் நின்றே கழற்றினேன். அடுத்தது இருபத்தாறாவது, எனக்கு இடப்பக்கம் ஐந்தடியில் இருந்தது. நான் இடப்பக்கம் போகவில்லை. கழற்றிய பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பினேன். சாமி அறை வாசலைக் கடந்து, முதல் பலகை, இரண்டாவது பலகை என்று நாலு சுவரையும் வலமாகச் சுற்றி, அந்தப் பக்கமாக இருபத்தாறாவதிடம் போய்ச் சேர்ந்தேன். அதைக் கழற்றினேன். மறுபடியும் ஒரு முழுச் சுற்று.

மூன்றாவது சுற்றில் தெய்வநாயகத்துக்கு விஷயம் புரிந்தது. "என்னய்யா கூத்து இது?" என்றார்.

"வலமாத்தானே சுத்துறேன்? சாமிக்கு நல்லதுதானே?"

அவர் குடையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். விளக்குத் துலக்க வந்த பெண்கள், வேர்க்க விறுவிறுக்கப் பலகையோடு சுற்றும் என்னைப் பார்த்து, "ஆசாரிக்கு என்ன வேண்டுதலோ பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மூதாட்டி என் காலைத் தொட்டுக் கும்பிடவே வந்துவிட்டார். நான் தாண்டிக் குதித்துப் போனேன்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பத்துப் பலகை வந்தது. மிச்சத்தை ஞாயிறு காலையிலிருந்து எடுத்தேன். துருப்பிடித்த ஆணிகள் சில அழிச்சாட்டியம் பண்ணின. ஒன்பதாவது பலகையில் ஓர் ஓரம் கொஞ்சம் பிய்ந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அது என் தகப்பனார் பெயர் இருந்த பலகை. மற்றவை எழுத்துக்கு ஒரு கீறல் இல்லாமல் வந்தன. மாலை நாலு மணி வாக்கில் ஆறுமுகத்தின் பலகை தானாகவே கையோடு வந்தது. மேலே ஏறி உட்கார ஆளில்லாதபோது அது ஏன் மல்லுக்கட்டப் போகிறது?

தெய்வநாயகத்துக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஒண்ணை மட்டும் தனியா வை. திருப்பி மாட்டும்போது அது வேணாம். கமிட்டியில பேசியாச்சு."

"அப்ப இதை என்ன பண்ண?"

"வெறகுக்குப் போடு. இல்லேன்னா அந்தப் பொம்பளைகிட்டயே குடுத்துடு, சந்தோஷப்படுவா."

என் முட்டாள்தனம்

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். அதை மறைத்து எழுதினால், பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

அவர் பேச்சைக் கேட்டுக் கொதித்தேன் அல்லவா? கொதித்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நானோ பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஏதோ பெரிய உபகாரம் செய்பவன்போல, வெயில் தாழ்வதற்குள், துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசையில் இருந்த காளியம்மாவின் லைன் வீட்டுக்குப் போனேன். விறகாகாமல் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்ற பெருமை எனக்கு.

அந்த லைனுக்கு அதுவரை நான் போனதே இல்லை. மடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். இருபது வருடமாகப் போகத் தோன்றவில்லை. என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? காளியம்மா எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தால் செல்லம்மா கொட்டாங்கச்சியில்தான் தண்ணீர் ஊற்றுவாள். நான் பார்த்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பேன்.

காளியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துணியைப் பிரித்துப் பலகையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கீரைக் காம்பை ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"இதை எதுக்கு எங்கிட்டக் கொண்டாந்தீங்க?" என்றார்.

"உங்க வீட்டுக்காரரு பேருதானே..."

"பேரு அவரு பேருதான். கல்லு மடத்துக்குத்தானே குடுத்தாரு, எனக்கா குடுத்தாரு? சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்ககிட்ட இல்ல. வேணாம்னா, வேணாம்னு சொன்ன ஆளு வந்து குடுக்கணும். உங்ககிட்டக் குடுத்து அனுப்பிட்டாரா? நீங்க என்ன அவருக்குத் தபால்காரரா ஆசாரி?"

காளியம்மா எழுந்து கையைக் கழுவினார். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். பலகையை எடுத்து அதன்மேல் ஏற்றிக்கொண்டு நடந்தார். பெயர் வெட்டிய முகம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சாமி அறைக்கு வலப்பக்கம்

மடத்தில் தெய்வநாயகமும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காளியம்மா வாசற்படியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்தார்.

"ஏய்! ஏய்! எங்க வர்றே? வெளிய நில்லு!"

தெய்வநாயகம் கத்தியதைக் காளியம்மா காதில் வாங்கவில்லை. சாமி அறைக் கதவுக்கு வலப்பக்கம் போனார். பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். படிக்கத் தெரியாதவர்தான், இடம் தெரிந்திருந்தது.

"இது எங்க வீட்டுக்காரரு குடுத்தது, இருந்த எடத்துல வச்சிட்டேன்" என்றார். "வேணாம்னா ஒண்ணும் சண்டையில்ல. நீங்களே உங்க கையால தூக்கிட்டு, எங்க லைனுக்கு வாங்க. என் வாசல்ல நின்னு, காளியம்மா, உன் புருஷன் குடுத்தது எங்களுக்கு வேணாம்னு சொல்லிக் குடுங்க. வாங்கிக்கிறேன். வேற ஆளு கொண்டாந்தா வாங்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நடந்த இடத்திலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் தெய்வநாயகம். தெளித்தவர்கள் பலகையருகே போகவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "எடுத்து வெளிய வை ஆசாரி" என்றார்.

"எங்கிட்டச் சொல்லலியே. உங்ககிட்டத்தானே சொல்லிட்டுப் போனாங்க?"

அவர் பலகையைப் பார்த்தார். அவருக்கும் அதற்கும் நடுவில் நாலடி இருந்திருக்கும். ஒரு மெரந்திப் பலகை, அதிலே கோணல் எழுத்து. தொட்டால் கடிக்குமா? மனிதர் நகரவில்லை. தொட்டால்கூடக் குளித்துக்கொள்ளலாம். அந்த லைனுக்குள் நடந்து போய், நாலு பேர் பார்க்கக் காளியம்மா வாசலில் நிற்க வேண்டுமே! அதற்கு உயிரை விடுவது மேல் என்று நினைத்திருப்பார்.

காரை பூசும் மூன்று வாரமும் பலகை அங்கேயே இருந்தது. பூச வந்த சீன மேஸ்திரி அதைச் சாதாரணமாகத் தூக்கி இந்தச் சுவரில் வைப்பார், பூசி முடித்ததும் அந்தச் சுவரில் வைப்பார். அவருக்கு எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. அதைப் பார்த்து தெய்வநாயகத்துக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே வீசிவிடும்படி மேஸ்திரியிடம் மலாயில் சொன்னார். மேஸ்திரி எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். "தா போலே. சாமி பாராங்" என்றார். முடியாது, இது சாமி சாமான், நான் வீச மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுக் காரை குழைக்கப் போனார். எங்களில் ஒருவருக்கும் வராத அறிவு அவருக்கு வந்தது என்பதை எந்த மூஞ்சியோடு நான் எழுதுவது?

மாட்டிய நாள்

காரை உலர்ந்தது. சனிக்கிழமை மதியம் போனேன். சுவரில் புது மர ஆப்புகள் இறக்கி, நூல் அடித்து, ரசமட்டத்தைக் கையில் எடுத்தேன். தெய்வநாயகம் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ரெண்டாவதுல இருந்து ஆரம்பி."

"ரெண்டாவதோட தலை எதும்மேல ஏறும்? காத்து மேலயா?"

"புதுசா ஒண்ணு செஞ்சு போடுய்யா, பேரு இல்லாம."

"செய்யலாம். வேற ஆசாரியைப் பாருங்க."

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் நாலு பேரைக் கேட்டிருந்தார். நாலு பேருக்கும் ஒரே நாளில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுவாரம் செட்டியார் வருகிறார், சுவர் மொட்டையாக இருக்கிறது. குடையால் படியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "என்னமோ பண்ணித் தொலை" என்று வெளித் திண்டில் போய் உட்கார்ந்தார்.

முதல் பலகைதான் மற்ற எல்லாவற்றுக்கும் மட்டம். அது முடி அளவு சாய்ந்தாலும் சுற்றி வரும்போது கடைசிப் பலகை அரையடி ஏறி நிற்கும். ஒரு முனையை ஓர் ஆள் அசையாமல் பிடித்தால்தான் நான் மறுமுனையில் மட்டம் பார்க்க முடியும். உதவிக்கு வருவதாகச் சொன்ன என் பட்டறைச் சகாக்கள் இன்னும் வந்து சேரவில்லை. "ஒரு கை பிடிங்கய்யா" என்று தெய்வநாயகத்தைக் கேட்டேன். அவர் தெருவைப் பார்த்தார்.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காளியம்மா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, உள்ள வாங்க. இந்த முனையைப் பிடிக்கணும்."

"நானா?" என்றார். திண்டில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பிடித்தார். கல் சுமந்தவர் மனைவி, கை அசையவில்லை. ரசமட்டத்தில் குமிழி கொஞ்சம் ஒதுங்கி நின்றது. "கொஞ்சம் தூக்குங்கக்கா" என்றேன். தூக்கினார். குமிழி நடுவுக்கு வந்தது. ஆணியை வைத்து அடித்தேன். நாலு ஆணியும் இறங்கிய பிறகு பலகையை ஆட்டிப் பார்த்தேன், சுவரோடு சுவராக நின்றது.

அவர் கையை எடுக்கவில்லை. எழுத்து இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இந்த மடத்துக்குள் இந்த அம்மாள் கால் வைக்க, ஆசாரிக்குக் கை ஆள் தேவைப்பட வேண்டியிருந்ததே என்று வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. வெளியே கிராணியின் குடை படியில் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆச்சா? நான் வெளிய போகட்டுங்களா?" என்றார் காளியம்மா.

"எங்க போறீங்க? இன்னும் இருபத்தாறு இருக்குக்கா."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டாவது பலகையைத் தூக்கினார்.